வெங்கச்சாங்கல் இல்லாத மலை

"குழிக்குள்ள இறங்கப் பயமா இருக்குதுங்க ஆத்தா" என்றான் ராக்கியண்ணன்.

கல்லாத்தா சல்லடையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை வருஷமா இறங்கறீங்க?"

"முப்பத்திரண்டு வருஷமா."

"பயம் எத்தனை நாளா?"

"ஒன்பது நாளாங்க."

"அப்ப குழிமேல குத்தமில்லை."

அந்த மலைச்சரிவு முழுக்கக் குழிகள். கிணறுபோலக் குறுகலானவை. நாற்பதடி, ஐம்பதடி ஆழம். எல்லாம் குருந்தக்கல்லுக்காக வெட்டியவை. வைரத்துக்கு அடுத்த கடினம் குருந்தத்துக்குத்தான். மங்கலாக இருந்தால் சாணைக்குப் போகும். சிவப்பாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தால் மோதிரத்துக்குப் போகும்.

கல்லாத்தாவின் பெயர் அங்காத்தாள். வயது நாற்பது. குழிமேட்டில் உட்கார்ந்து கல் பொறுக்கியவள். கையில் எடுத்ததும் இன்ன கல் என்று சொல்லிவிடுவாள். முதலில் கல்லைப் பற்றிக் கேட்க வந்தார்கள். பிறகு மற்றதையும் கேட்டார்கள்.

ராக்கியண்ணனுக்கு அறுபத்தொன்று. ஆறு வருஷமாக அவளுக்குத் தண்ணீர் சுமந்தான், வாசல் கூட்டினான். மகள் வயதுக்காரியிடம் போய்க் கைகட்டி நிற்கிறானே என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது.

"அந்தப் பயம் எப்படி இருக்குது?" என்று கேட்டாள் கல்லாத்தா.

"படியில வைக்கறப்ப கால் கூசுது. சுவத்துல பொடி உதிர்ற சத்தம் கேக்குது. நின்னு கேட்டா ஒன்னுமில்லை. இன்னொரு படி இறங்கினா மறுபடியும் கேக்குது. மேல வந்து சோத்துல கை வச்சாக்கூட அந்தச் சத்தந்தான்."

"உங்க குழியில படி எந்தக் கல்லுல கொத்தியிருக்கீங்க?"

"கறுப்புக் கல்லுலங்க. கடப்பாரையே துள்ளும்."

"உதிருமா?"

"என் பேரன் காலத்துக்கும் உதிராது."

"பொறவு?"

"அதுதான் தெரியலீங்க."

கல்லாத்தா சல்லடையைக் கீழே வைத்தாள்.

"உங்க குழிமேட்டுல இருந்து ஒரு கூடை கல்லு அள்ளிட்டு வாங்க."

அள்ளிவந்தான். தரையில் கொட்டச் சொன்னாள். பிரிக்கச் சொன்னாள். அவன் மூன்று குவியலாகப் பிரித்தான்.

"இது?"

"குருந்தம். சாணைக்குத்தான் ஆகும்."

"இது?"

"கறுப்பு. எதுக்கும் ஆகாது."

"இது?"

மூன்றாவது குவியல் வெள்ளை. ராக்கியண்ணன் கொஞ்சம் தாமதித்தான்.

"வெங்கச்சாங்கல்" என்றான்.

வெங்கச்சாங்கல்லைத் தெரியாதவர் அந்தச் சீமையில் கிடையாது. காட்டில், மேட்டில், வண்டிப்பாதையில் கிடக்கும் வெள்ளைக் கல். எத்தனை மழை பெய்தாலும் மழுங்காது. கிணறானாலும் குழியானாலும், வெட்டுகிறவன் கால் வைக்கப் படி கொத்தும்போது, சுவரில் ஓடும் வெள்ளை நரம்பைத் தேடித்தான் கொத்துவான். அவன் அப்பன் அப்படிக் கொத்தினான். அப்பனுடைய அப்பனும் அப்படித்தான்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் கல்லாத்தா.

"வெங்கச்சாங்கல்."

"யாருக்குச் சொல்றீங்க? எனக்கா?"

அவன் தலைகுனிந்தான்.

"குருந்தமும் வெங்கச்சாங்கல்லும் ஒரே பாறையில ஒன்னா இருந்து பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"முப்பத்திரண்டு வருஷத்துல?"

"ஒருக்காகூட இல்லீங்க. ஒன்னு இருக்கற எடத்துல இன்னொன்னு இருக்காது." பிறகு ஒரு மாதிரி சிரித்தான். "நானும் சென்னியப்பனுமாட்ட."

கல்லாத்தா அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"பக்கத்துக் குழிக்காரருங்களா?"

"அவனேதான்."

"என்ன பண்ணினார்?"

"பன்னண்டு வருஷம் முன்னால நானும் அவனும் கூட்டு. ஒரே குழி. கல்லைக் கண்டவன் கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டின பொறவுதான் கையில எடுக்கோணும். அதுதானுங்களே வழக்கம்?"

"ஆமா."

"கொட்டைப்பாக்கு அளவு செவப்புக் கல்லு. கண்டான். கூப்பிடலை. வாயில போட்டுக்கிட்டான். மேல வந்தவன் அன்னிக்குப் பொழுதுக்கும் வாயைத் தொறக்கலை. கன்னத்தைப் புடிச்சுக்கிட்டுப் பல்வலின்னு சைகை காட்டினான்."

"சரி."

"நான் ஊட்டுக்கு ஓடிப்போய்க் கிராம்பு எடுத்துட்டு வந்து குடுத்தேனுங்க."

கல்லாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிங்க. எல்லாரும்தான் சிரிச்சாங்க. கல்லு போனது போகுதுங்க. கிராம்பை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டானே, அதைத்தான் என்னால மறக்க முடியலை."

கல்லாத்தா வெள்ளைக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். வெயிலில் திருப்பினாள். எண்ணெய் தடவினாற்போல் மினுங்கியது.

"முன்னால மலையைச் சோதிக்க ஜீப்புல வந்தாங்களே படிச்சவங்க, அவங்க சாப்பாட்டுக் கூடையை நான்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றாள். "அவங்களுக்குள்ள பேசிக்கிட்டதைக் கேட்டேன். இந்த மலை பூமிக்கு அடியில இருந்து நெருப்புக் குழம்பா வந்ததாம். வந்து, மேல வரமுடியாம உள்ளயே இறுகிப்போச்சாம். அந்தக் குழம்புல, வெங்கச்சாங்கல்லுக்கு வேணுங்கற வெங்கச்சத்து பத்தலையாம்."

"பத்தலைன்னா?"

"பசின்னு வச்சுக்குங்க. பசியோட இறுகின மலை. வெங்கச்சத்து எங்கே கொஞ்சம் இருந்தாலும் இழுத்துத் தின்னுடும். மிச்சம் வைக்காது. அதனால இதுல வெங்கச்சாங்கல் உண்டாகவே முடியாது. குருந்தம் கிடைக்கறதும் அதனாலதானாம்."

படித்தவர்கள் மலைக்கு ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். குழிக்காரர்கள் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார்கள். எந்தப் படி தாங்கும், எந்தப் படி தாங்காது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

"அப்ப இந்த வெள்ளை?" என்று கேட்டாள் கல்லாத்தா.

ராக்கியண்ணன் அந்தக் குவியலைப் புறங்கையால் ஒதுக்கினான்.

"பார்த்தா வெங்கச்சாங்கல்லாட்டத்தான் இருக்கும். ஆனா அது இல்லீங்க. மழைத்தண்ணி தின்னுடும். மேல பளபளன்னு இருக்கும், உள்ள மாவாகிக் கிடக்கும்."

"எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷம் முன்னால என் படி ஒன்னு காலோட போச்சு. கூடைக் கயித்தைப் புடிச்சுத் தொங்கிக் கிடந்தேன். அப்புறம் எல்லாப் படியையும் கறுப்புல கொத்திக்கிட்டேன்."

"மத்த குழிகள்ல?"

"இந்த நரம்பு என் குழிக்கும் அவன் குழிக்கும் நடுவுல மட்டுந்தான் ஓடுது."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலீங்க."

கல்லாத்தா கல்லைக் குவியலில் போட்டாள்.

"ஒன்பது நாள் முன்னால என்ன நடந்துது?"

"ஒன்னும் நடக்கலீங்க."

அவள் காத்திருந்தாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது.

"சென்னியப்பன் புதுக் குழியில படி கொத்தினான்" என்றான்.

"எதுல?"

"வெள்ளையில."

"நீங்க?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"ஊட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்."

கல்லாத்தா அவனைத் திட்டவில்லை. அவனுக்கு அது பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பான்.

"அது நெசமான வெங்கச்சாங்கல்லா இருந்தாலும் இருக்குமுங்க ஆத்தா. எனக்கென்ன தெரியும்? நான் மூணாங்கிளாஸ் தாண்டலை."

"அப்ப அவர் குழிமேட்டுல இருந்து ஒரு துண்டு எடுத்துட்டு வாங்க."

அவன் போனான். திருடனைப்போல வேலியோரம் குனிந்து, ஒரு துண்டை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் சென்னியப்பன் குழிக்குள் இருந்தான். கீழே கடப்பாரை விழும் சத்தம் கேட்டது.

கல்லாத்தா அந்தத் துண்டை இடித்துப் பொடியாக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டாள். வண்டிப்பாதையில் கிடந்த வெங்கச்சாங்கல்லை இடித்து இன்னொரு டம்ளரில் போட்டாள். தங்க வேலைக்காரர் கொடுத்திருந்த திராவகத்தை இரண்டிலும் ஊற்றினாள். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு வாங்க."

மறுநாள் விடிந்ததும் வந்தான். கண் சிவந்திருந்தது.

கல்லாத்தா வெங்கச்சாங்கல் டம்ளரை முதலில் சாய்த்தாள். திராவகம் சாய்ந்தது. அடியில் பொடி போட்டபடியே கிடந்தது.

சென்னியப்பன் குழிக் கல் இருந்த டம்ளரைச் சாய்த்தாள்.

எதுவும் சாயவில்லை. இன்னும் சாய்த்தாள். தலைகீழாகப் பிடித்தாள். கல் இருந்த இடத்தில் நுங்குபோல ஏதோ ஒன்று டம்ளரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

அதை அவன் எதிரே வைத்துவிட்டுப் போய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

ராக்கியண்ணன் அதையே பார்த்தான். அது அடங்கவில்லை. அவன் மூச்சு பட்டதற்கே நடுங்கியது. கறுத்த, வெடித்த இரண்டு கால்கள் அதன்மேல் நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. எழுந்தான். செருப்பைப் போட மறந்து நடந்தான்.

சென்னியப்பன் குழி வாயில் யாரும் இல்லை. அவன் பெண்டாட்டி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவனே இறங்கி, அவனே கூடையை நிரப்பி, அவனே ஏறிவந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

குழிக்குள் இருப்பவனை மேலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ராக்கியண்ணன் ஒரு கல்லை எடுத்து, கூடைக் கயிறு ஓடும் கப்பிக்காலில் மூன்றுமுறை தட்டினான்.

சென்னியப்பன் ஏறிவந்தான். ஒவ்வொரு படியிலும் அவன் பாதம் பதிவதை ராக்கியண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடடே" என்றான் சென்னியப்பன், தலை மட்டும் வெளியே தெரிய. "நான் செத்தாத்தான் என் மூஞ்சியைப் பார்ப்பேன்னு சொன்ன ஆளு. நான் செத்துப்போயிட்டனா என்ன?"

"நீ கொத்தியிருக்கிறது வெங்கச்சாங்கல் இல்லை."

"பின்னே? கற்கண்டா?"

"மழை தின்னுற கல்லு. உள்ள மாவா இருக்கும். படி தாங்காது."

சென்னியப்பன் மேல்படியில் நின்றபடி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நேத்து அடியில ஒரு செவப்புத் தெரிஞ்சுது. இன்னிக்குக் காலையில நீ வந்து நிக்கற. பன்னண்டு வருஷம் கழிச்சு. மூக்குல வேர்த்துருச்சா?"

"சத்தியமாச் சொல்றேன்."

"நான் வெளிய வந்து ஓடணும். நீ உள்ள இறங்கணும். அதுதானே?" காலைத் தூக்கிப் படியை ஓங்கி மிதித்தான். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. படி தாங்கியது. "பாரு. உன் மாவு எப்படி இருக்குதுன்னு பாரு. போடா, போய் அந்தப் பொம்பளைக்குத் தண்ணி தூக்கு."

இறங்கிப் போய்விட்டான்.

ராக்கியண்ணன் திரும்பி வந்தபோது கல்லாத்தா அதே இடத்தில் இருந்தாள்.

"சொல்லிட்டேனுங்க" என்றான். "நம்பலை. படியை மிதிச்சுக் காட்டினான். தாங்குச்சு. இனி என் பொறுப்பில்லை."

"பயம் போயிருச்சுங்களா?"

அவன் யோசித்தான். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தான்.

"இல்லீங்க. ஜாஸ்தியாயிருச்சு."

"அப்ப இன்னும் சொல்லலை."

"எல்லாத்தையும் சொல்லிட்டேனுங்க ஆத்தா! கல்லைப் பத்தி ஒன்னு விடலை."

அவள் சல்லடையை ஆட்டினாள். பொடி உதிர்ந்தது.

அவன் தண்ணீர் சுமக்கப் போனான். மத்தியானத்துக்கு மேல் மேற்கே இருட்டியது. முதல் துளிகள் குழிமேட்டுப் புழுதியில் விழுந்தன. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. சரிவெல்லாம் தண்ணீர் வழிந்தது. மற்ற குழிக்காரர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எண்ணிப்பார்த்தான். ஐந்து பேர். ஆறாவது ஆள் வரவில்லை.

சிவப்பைக் கண்டவன் மழைக்கு ஏறமாட்டான்.

ராக்கியண்ணன் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான். சேற்றில் இரண்டுமுறை விழுந்தான். குழி வாயில் மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டினான். நாற்பதடி கீழே ஒரு விளக்கு. சுவர்களில் தண்ணீர் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப் படிகளின் விளிம்பிலிருந்து பால் சொட்டுவதுபோல் சொட்டியது. இந்த முறை சத்தம் அவன் காதுக்குள் இல்லை. குழிக்குள்தான் இருந்தது. மெல்லிய, விடாத உதிர்வு.

கப்பிக்காலில் தட்டினான்.

"மறுபடியுமா?" என்றது கீழே குரல். "மழை நின்னதும் வரேன். போய்ப் படு."

"ஏறாதே. படியில ஏறாதே."

"அப்ப பறந்தா வரமுடியும்? உன் தந்திரமெல்லாம் எனக்குத் தெரியும்டா."

விளக்கு அசைந்தது. ஒரு கால் முதல் படியைத் தேடியது. கல்லைப் பற்றிச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

"நீ படி கொத்தினப்ப நான் பார்த்தேன்" என்றான்.

"என்ன?"

"பத்து நாள் ஆச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு பார்த்தேன். தாங்காதுன்னு அப்பவே தெரியும். என் படியே முன்னால உடைஞ்சிருக்குது. தெரிஞ்சும் சொல்லலை."

கீழே கால் நின்றது.

"ஏன்?"

"விழட்டும்னு நெனைச்சேன்."

மழை இருவருக்கும் நடுவே நேராக இறங்கியது.

"தினமும் காலையில வந்து வேலியோரம் நின்னேன். நீ இறங்கறதைப் பார்த்தேன். எந்தப் படியில போகும்னு கணக்குப் போட்டேன். மேல இருந்து ஆறாவதுல போகும்னு நெனைச்சேன். உன் பொண்டாட்டி அழுதா என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். நல்ல மனுஷன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

கீழே விளக்கு அசையாமல் இருந்தது. ஏறத் தொடங்கிவிடுவானோ என்று பயந்தான். ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவானோ என்றும் பயந்தான். கூடைக் கயிற்றை அவிழ்த்துக் குழியோரத்து வேப்பமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். முடிச்சு இரண்டுமுறை தவறியது. நுனியைக் கீழே விட்டான். அது போய் அடியைத் தொட்டதா என்று தெரியவில்லை.

"ராக்கி."

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

"இருக்கேன்."

"காலையில வந்தது யாருன்னு எனக்குத் தெரியலை" என்றது குரல். "இப்பப் பேசறது நீதான். கயித்தைக் கெட்டியாப் புடி."